படம் வராத வருடங்களில் வரும் பத்திரிகை

போன வாரம் தபாலில் ஒரு தட்டையான கவர் வந்தது. பிரிப்பதற்கு முன்பே மனைவி கண்டுபிடித்துவிட்டாள். "உங்க ஜேம்ஸ்பாண்ட் புக்கா?" என்று கேட்டுவிட்டு, "படம்தான் வரலையே, அப்புறம் உள்ள என்னத்தைத்தான் எழுதுறாங்க?" என்றாள்.

நியாயமான கேள்விதான். 'நோ டைம் டு டை' வந்தது 2021-ல். பாண்ட் படங்களைத் தயாரித்துவந்த ஈயான் நிறுவனத்தின் கணக்கில் அது 25-வது படம். அதற்கப்புறம் 2025 தொடக்கத்தில் அதன் தயாரிப்பாளர்கள் பார்பரா ப்ராக்கலியும் மைக்கேல் வில்சனும் இனி எல்லா முடிவும் அமேசான் எடுக்கட்டும் என்று ஒதுங்கிக்கொண்டார்கள், அடுத்த படத்தை டெனி வில்நெவ் இயக்கப்போகிறார் என்று அறிவிப்பு வந்தது, திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனாலும் எம்ஐ6 கான்ஃபிடென்ஷியல் என்ற இந்த ரசிகர் பத்திரிகை வந்துகொண்டுதான் இருக்கிறது. பளபள தாள், முழுக்க வண்ணம், பெட்டிக்கடையிலோ புத்தகக் கடையிலோ தொங்காது, பணம் கட்டினவர்களுக்குத் தபாலில் மட்டும்.

என் கட்சி என்னவென்றால், படம் வராத வருடங்களில்தான் இந்த மாதிரிப் பத்திரிகைகள் படிக்கிற மாதிரி இருக்கும். படம் ரிலீஸாகிற சமயத்தில் எல்லாமே விளம்பரம்தான். கம்பெனி கொடுத்த அதே பத்து ஸ்டில், "சண்டைக் காட்சிகளை நானே செய்தேன்" என்று ஹீரோ, "இந்த முறை கதாநாயகிக்கு முக்கியத்துவம் அதிகம்" என்று கதாநாயகி (1970-களில் இருந்து ஒவ்வொரு படத்துக்கும் இதையேதான் சொல்கிறார்கள்). நம்ம ஊர் இசை வெளியீட்டு விழாப் பேச்சு மாதிரி. அதைப் படிக்க எதற்கு வெளிநாட்டுக்குப் பணம் கட்ட வேண்டும்?

படம் இல்லாதபோது ஆசிரியருக்கு வேறு வழி கிடையாது. பழைய பெட்டியைத் திறக்க வேண்டும். செட் போட்டவர், காரை ஓட்டினவர், எடிட்டிங் மேஜையில் உட்கார்ந்தவர் என்று ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டும். அங்கேதான் சரக்கு இருக்கிறது.

இந்த வகைப் பத்திரிகைகளில் பழையது என்று நான் சொல்வது 'பாண்டேஜ்'. நியூயார்க்கை ஒட்டிய யாங்கர்ஸ் என்ற ஊரில் 1972-ல் பள்ளிக்கூடப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த ரசிகர் மன்றம், 1974-ல் இருந்து அதற்கொரு பத்திரிகை. பாண்ட் பெயர் வருகிறது, அதே நேரத்தில் ஆங்கிலத்தில் அந்த வார்த்தைக்குக் கட்டிப்போடுவது என்றும் அர்த்தம், அதில் கொஞ்சம் விவகாரமான அர்த்தமும் சேர்த்தி. பதினாறு வயதுப் பையன்களுக்கு அதில் எவ்வளவு சந்தோஷம் இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதை நடத்தின ரிச்சர்ட் ஷெங்க்மன் பின்னாளில் சினிமா இயக்குநரே ஆகிவிட்டார். ஒரே அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பார்களே, 'தி மேன் ஃப்ரம் எர்த்', 2007-ல் வந்த அந்தப் படம் அவர் எடுத்ததுதான். பாண்ட் பைத்தியம் எடுத்த படத்தில் ஒரு துப்பாக்கிச் சண்டைகூடக் கிடையாது!

இங்கிலாந்தில் 1979-ல் '007 மேகஸின்' வந்தது. அதை நெடுங்காலம் நடத்தினவர் கிரஹாம் ரை. மனிதருக்குப் புகைப்படங்கள் மேல் அப்படி ஒரு வெறி. நான் கையில் பிடித்துப் பார்த்த முதல் ரசிகர் பத்திரிகை இதுதான், 90-களின் கடைசியில், லண்டனில் வேலை பார்த்த சித்தப்பா லீவுக்கு வந்தபோது சாக்லேட்டோடு கொண்டுவந்தார். அதுவரை எனக்கு பாண்ட் என்றால் ராணி காமிக்ஸ்தான். 1984-ல் ராணி காமிக்ஸின் முதல் இதழே பாண்ட் கதை, 'அழகியைத் தேடி'. லண்டன் டெய்லி எக்ஸ்பிரஸில் 1958-ல் இருந்து தினமும் துண்டு துண்டாக வந்த சித்திரக்கதைகள் நம்ம பெட்டிக்கடையில் கிளிப் மாட்டித் தொங்கின. அதில் வரும் பாண்டின் முகம் ஷான் கானரி மாதிரியும் இருக்காது, ரோஜர் மூர் மாதிரியும் இருக்காது. அதனால் படத்தை முதலில் பார்த்தபோது யாரோ ஆள் மாறாட்டம் செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

சரி, பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று சொல்கிறேன்.

படம் ஆரம்பத்தில் வெள்ளை வட்டத்துக்குள் ஒருவர் நடந்து வந்து சட்டென்று திரும்பிச் சுடுவாரே, முதல் மூன்று படங்களில் அது கானரியே கிடையாது. பாப் சிம்மன்ஸ் என்ற ஸ்டன்ட் மாஸ்டர். டைட்டில் வடிவமைத்த மாரிஸ் பைண்டர் நிஜத் துப்பாக்கிக் குழலுக்குள்ளே கேமராவைப் பார்க்கவைத்து எடுத்தார். 1965-ல் 'தண்டர்பால்' அகலத்திரையில் வந்ததால் பழைய துண்டு பொருந்தவில்லை, அதனால்தான் கானரியை வைத்துத் திரும்ப எடுத்தார்கள். இது தெரிந்ததில் இருந்து முதல் மூன்று படங்களையும் போடும்போதெல்லாம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வீட்டில் தடை உத்தரவே போட்டுவிட்டார்கள்.

அப்புறம் 'தி மேன் வித் தி கோல்டன் கன்' படத்தின் கார் தாவல். தாய்லாந்தில் ஒரு வாய்க்கால் மேல், உடைந்த பாலம் மாதிரி இரண்டு சாய்வுகள், கார் அந்தரத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றி மறுகரையில் நான்கு சக்கரத்திலும் இறங்கும். 1974-ல் இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் செய்தார்கள் என்றால் நம்புவீர்களா? கார்னெல் ஏரோநாட்டிகல் லேபரட்டரியில், விபத்தில் கார் எப்படி நடந்துகொள்ளும் என்று ஆராய்வதற்காக எழுதின ப்ரோகிராம். எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று டிரைவர் சீட்டையும் ஸ்டியரிங்கையும் காரின் நட்டநடுவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரே டேக், ஓகே. இவ்வளவு பாடுபட்டு எடுத்த காட்சியின் மேல் "ஃபூவீஈஈ" என்று ஒரு ஊதல் சத்தத்தைப் போட்டு சர்க்கஸ் கோமாளி வேலை ஆக்கிவிட்டார்கள். இசையமைத்த ஜான் பேரியே பிற்பாடு அதற்காக வருத்தப்பட்டார். எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' தொடக்கத்தில் வரும் பனிச்சறுக்குத் தாவல். விளிம்பில் இருந்து குதித்து, சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டே இருந்து, கடைசியில் பிரிட்டிஷ் கொடி போட்ட பாராசூட் விரியும். அதற்கு விதை ஒரு விஸ்கி விளம்பரம். கனடாவின் பாஃபின் தீவில் ஆஸ்கர்ட் என்ற மலையில் இருந்து ரிக் சில்வெஸ்டர் பனிச்சறுக்குப் பலகையோடு குதிப்பது போல ஒரு படம். அதைப் பார்த்துவிட்டு ஆளைக் கூப்பிட்டால், அவர் உண்மையைச் சொல்லிவிட்டார், ஆஸ்கர்டில் குதிக்கவே இல்லை, அது வேறு இடத்தில் எடுத்த படம்! சரி, இப்போது நிஜமாகவே குதி என்று 1976-ல் அதே மலைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சம்பளம் 30,000 டாலர். பல கேமரா வைத்தும் ஒன்றில்தான் ஒழுங்காகப் பதிவானது. கழன்று விழுந்த பலகை ஒன்று விரிகிற பாராசூட்டை உரசிக்கொண்டு போவதைக் காட்சியை நிறுத்திப் பார்த்தால் தெரியும். அது மாட்டியிருந்தால் ஆள் அவ்வளவுதான்.

நமக்குச் சம்பந்தம் உள்ள ஒன்றும் இருக்கிறது. 1983-ல் வெளியான 'ஆக்டோபஸி'க்காக உதய்பூர் வந்து எடுத்தார்கள், நம்ம சென்னைக்காரர் விஜய் அமிர்தராஜ் அதில் டென்னிஸ் மட்டையாலேயே அடியாட்களை அடிப்பார், அதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அந்த டடங் டடட்டங் இசை எங்கிருந்து வந்தது தெரியுமா? வி.எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை மேடை இசை நாடகமாக்க மான்டி நார்மன் ஒரு பாட்டுப் போட்டு வைத்திருந்தார். அந்த நாடகம் மேடை ஏறவில்லை. பாட்டு, பிறக்கும்போதே அபசகுனமான தும்மலோடு பிறந்த ஒருவன் தன் கதையைச் சொல்வது. டிரினிடாட் இந்தியன் பாடவேண்டிய அந்த மெட்டை எடுத்து கிதாருக்கு மாற்றிக்கொடுத்தார் நார்மன், அதை விரித்து இசைக்கோர்ப்பு செய்தவர் ஜான் பேரி. யார் போட்ட ட்யூன் என்று நெடுங்காலம் சண்டை, 2001-ல் லண்டன் கோர்ட்டில் நார்மன் ஒரு பத்திரிகை மேல் போட்ட அவதூறு வழக்கில் ஜெயித்து 30,000 பவுண்டு வாங்கினார். உலகத்தின் மிக ஸ்டைலான இசைக்கு அடியில் ஒரு தும்மல் சகுனம். எங்கள் ஆத்தா கேட்டிருந்தால் "அன்னைக்கே சொன்னேன்ல" என்றிருப்பார்.

இதையெல்லாம் இன்றைக்கு ஃபோனில் தட்டினால் அரை நிமிஷத்தில் கிடைக்கும். ஆனால் அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பதுதான் என் மனைவிக்கு நான் சொல்ல நினைத்த பதில். 1989-ல் 'லைசென்ஸ் டு கில்' வந்ததோடு கம்பெனிகளுக்குள் வழக்கு, அடுத்து 1995 'கோல்டன் ஐ' வரை ஆறு வருடம் படமே இல்லை. பாண்ட் கதை முடிந்தது என்றுதான் பலரும் எழுதினார்கள். அந்த இடைவெளியில்தான், 1992-ல், அமெரிக்காவில், பாண்ட் நாவல்களை எழுதினவர் பெயரில், இயன் ஃப்ளெமிங் ஃபவுண்டேஷன் என்று ரசிகர்களே ஒன்று ஆரம்பித்தார்கள். படத்துக்காகச் செய்த குட்டி நீர்மூழ்கியையெல்லாம் தேடிப்பிடித்து பெயின்ட் அடித்துச் சரிசெய்தார்கள், கூடவே 'கோல்டன் ஐ' என்று ஒரு பத்திரிகை. அந்தக் கூட்டத்தில் ஒருவர் ஜான் கார்க். பிறகு பாண்ட் படங்களை டிவிடியாகப் போட்டபோது, உருவான விதம் பற்றி ஒவ்வொரு தட்டிலும் வந்த ஆவணப்படங்களைச் செய்ய அவரைத்தான் கூப்பிட்டார்கள். பாண்ட் படங்களுக்கு செட் போட்ட கென் ஆடம் 2016-ல் போய்விட்டார். பாண்ட் இசையில் அந்த கிதாரை வாசித்த விக் ஃப்ளிக் 2024-ல். அவர்கள் இருக்கும்போதே டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினவர்கள் இந்த மாதிரி ரசிகர்கள்.

குறை இல்லாமல் இல்லை. ரசிகர் பத்திரிகை என்பதால் யாரையும் ஒரு வார்த்தை கடிந்து எழுத மாட்டார்கள், 'டை அனதர் டே'யில் கண்ணுக்குத் தெரியாத கார் வருகிறதே, அதற்குக்கூட ஏதாவது நல்லது தேடிச் சொல்லிவிடுவார்கள். விலையும் அதிகம், புத்தகத்தைவிடத் தபால் செலவு உறுத்தும். ஒருமுறை இடையில் யாரோ பார்சலை இரண்டாக மடித்து அனுப்பிவிட்டார்கள், நடுவில் ஒரு கோடு, அட்டையில் இருந்த ஆஸ்டன் மார்ட்டின் விபத்தில் சிக்கினது போல ஆகிவிட்டது. அந்த இதழை நான்கு மாதம் அகராதிக்கு அடியில் வைத்திருந்தேன். கோடு போகவில்லை.

மனைவிக்கு இவ்வளவும் சொல்லி முடித்தேன். கவனமாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பலகை உரசின இடத்தை மட்டும் காட்டுங்க" என்றாள். நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்த்தோம்.

கடைசியாக ஒன்று. '007 மேகஸின்' பழைய இதழ் ஒன்று என்னிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ராணி காமிக்ஸ் முதல் இதழ் வைத்திருப்பவர் யாராவது மாற்றிக்கொள்ளத் தயாரா? அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இருந்தால் போதும். என்னுடையதில் அதைத் தம்பி கப்பல் செய்துவிட்டான், கதை எப்படி முடிந்தது என்று இன்றுவரை தெரியாது.