சரியாக ஆயிரம் பேர்

ஆடிட்டுக்கு வந்தவர் கேட்டது ஒரே கேள்விதான்: "வேலையை விட்டுப் போனவர்களில் யார் யாருடைய லாகின் இன்னும் திறந்திருக்கிறது?"

லாகின் விவரமெல்லாம் ஆக்டிவ் டைரக்டரியில், அதாவது ஆபீஸ் லாகின்களை வைத்திருக்கும் மைக்ரோசாஃப்ட் பதிவேட்டில் இருந்தது. ஆள் பட்டியல் எச்.ஆர். ஆட்களின் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் டேபிளில். டைரக்டரியிடம் கேள்வி கேட்கும் மொழியான எல்டாப்பில் ஒருவரைத் தேடுவது சுலபம், ஆனால் இரண்டு பட்டியலைச் சேர்த்துப் பார்க்கும் ஜாயினை அங்கே போட முடியாது. சரி, தினமும் ராத்திரி டைரக்டரியை டேபிளுக்குள் இறக்கிவிடலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். இரண்டு நாள் வேலை என்று வேறு சொல்லிவைத்தேன்.

பைத்தானில் எழுதிய ஸ்கிரிப்ட் முதல் நாளே ஓடியது. எரர் எதுவும் வரவில்லை. பெருமையாக சீனியரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கடைசி வரியை மட்டும் பார்த்தார்.

"என்னப்பா, சரியா ஆயிரம் பேர்தான் வேலை பார்க்கிறோமா?"

ஆக்டிவ் டைரக்டரி ஒரு தேடலுக்கு 1000 பதிவுகளோடு நிறுத்திக்கொள்ளும். மீதி வேண்டுமானால் பக்கம் பக்கமாகக் கேட்க வேண்டும். வரம்பு தாண்டியது என்று பதிலின் ஓரத்தில் சொல்லியும் இருந்தது. நான்தான் அதைப் படிக்கவில்லை.

அப்புறம் தேதிகள். அங்கே நேரம் என்பது 1601 ஜனவரி 1 முதல் எண்ணும் 100 நானோசெகண்ட் துளிகள். கணக்கு காலாவதியே ஆகாது என்பதை 0 என்றும் எழுதலாம், 9223372036854775807 என்றும் எழுதலாம். முதலாவதை அப்படியே மாற்றினால் அந்த ஆள் 1601-இல் காலாவதியாகிவிடுவார். இரண்டாவது 30828-ஆம் ஆண்டுக்குப் போகும், 9999-க்கு மேல் எண்ணத் தெரியாத பைத்தான் அங்கேயே விழுந்துவிடும். இரண்டையும் நல் (null), அதாவது தேதியே இல்லை என்று வைத்தோம்.

உண்மையான அடி விழுந்தது மூன்றாவது வாரம். தினமும் முழுசாக இறக்குவது வீண் என்று, மாறியதை மட்டும் எடுக்க ஆரம்பித்திருந்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்கும் டொமைன் கன்ட்ரோலர், அதாவது டைரக்டரியின் நகலை வைத்திருக்கும் சர்வர், ஓர் எண் போடும். நேற்று நின்ற எண்ணுக்கு மேலே உள்ளதைக் கேட்டால் போதும். (அந்த எண் அந்தந்தக் கன்ட்ரோலருக்கே சொந்தம். வேறொன்றிடம் போய்க் கேட்டால் அர்த்தமே இல்லை.) அந்த டேபிளை நம்பி, மூட வேண்டிய கணக்குகளின் பட்டியலை ஹெல்ப்டெஸ்க்குக்கு அனுப்பினேன். அரை மணி நேரத்தில் போன் வந்தது.

"தம்பி, உங்க லிஸ்ட்ல முதல் பேரே தப்பு. அந்த அக்கவுன்ட்டை நாங்க போன வாரமே டெலீட் பண்ணியாச்சு."

டெலீட் ஆனவை வேறொரு மூலைக்குப் போய்விடும், சாதாரணத் தேடலில் தெரியாது. அதனால் அந்த மாற்றம் என் ஸ்கிரிப்ட்டுக்கு வந்து சேரவே இல்லை. போனவர்களைக் கண்டுபிடிக்கத்தான் டேபிளே கட்டினோம். அதில் போனவர்கள்தான் கல்லுப் போல உட்கார்ந்திருந்தார்கள்.

ஞாயிறுதோறும் முழுசாக இறக்கி ஒப்பிடுவது என்று முடிவானது. காணாமல்போன வரியை அழிப்பதில்லை, காணாமல்போன தேதியை மட்டும் குறிக்கிறோம். பெயரோ பிரிவோ மாறினால் புது ஆளாகத் தெரியக் கூடாது என்று ஒப்பீட்டுக்கு ஒவ்வொரு கணக்குக்கும் மாறாமல் இருக்கும் அடையாள எண்ணான ஆப்ஜெக்ட் ஜியுஐடியைப் பிடித்துக்கொண்டோம். சீனியர் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: மொத்த எண்ணிக்கை போன வாரத்தைவிட நூற்றுக்கு ஐந்துக்கு மேல் குறைந்தால் எதையும் தொடாமல் நிற்க வேண்டும். ஒரு ஞாயிறு நடுவில் இணைப்பு அறுந்து பாதிப் பேர்தான் வந்தார்கள். ஸ்கிரிப்ட் நின்றது. திங்கள் காலை அவரிடம் அதை நானாகவே போய்ச் சொன்னேன்.

ஆடிட்டருக்குப் பட்டியல் போய்ச் சேர்ந்தது. பார்த்துவிட்டு, "இவர்கள் கடைசியாக எப்போது லாகின் செய்தார்கள்?" என்றார். லாஸ்ட்லாகான் என்ற விவரம் கன்ட்ரோலர்களுக்குள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போகாது, ஒவ்வொன்றிலும் ஒரு தேதி இருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவாகப் போகும் லாஸ்ட்லாகான்டைம்ஸ்டாம்ப் இரண்டு வாரம் வரை பின்தங்கியிருக்கும்.

எத்தனை நாள் ஆகும் என்று மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சீனியரைப் பார்த்தேன்.