ஒரே லேப்டாப்ல ரெண்டு மைஎஸ்க்யூஎல், சண்டை இல்லாம: டாக்கர் கம்போஸ்

பழைய க்ளையண்ட் சைட் பிஎச்பி 7.4லயும் மைஎஸ்க்யூஎல் 5.7லயும் ஓடுது, புதுசா எழுதுற ப்ராஜெக்டுக்கு பிஎச்பி 8.3, மைஎஸ்க்யூஎல் 8.4 வேணும், ரெண்டும் ஒரே லேப்டாப்ல. 7.4க்கு 2022 நவம்பரோட சப்போர்ட் முடிஞ்சாச்சு, 5.7க்கு 2023 அக்டோபரோட, ஆனா அந்த சைட்ட அப்கிரேட் பண்ற வரைக்கும் அதுல வர்ற பக்கையும் நாமதானே பாக்கணும். ஸாம்ப்ல (பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் எல்லாத்தையும் லேப்டாப்லயே ஒண்ணா இன்ஸ்டால் பண்ற பேக்கேஜ்) வெர்ஷன மாத்தி மாத்தி ஓட்டுறத விட, டாக்கர் வச்சு ஒவ்வொரு ப்ராஜெக்டையும் தனித்தனி கண்டெய்னர்ல, அதாவது தனக்கு வேண்டியத தனக்குள்ளயே வச்சுக்கிட்டு ஓடுற பெட்டி மாதிரி ஒண்ணுல, வச்சுக்கிறது எவ்வளவோ நிம்மதி.

ப்ராஜெக்ட் ஃபோல்டர்லயே ஒரு கம்போஸ் ஃபைல் (எந்தெந்த கண்டெய்னர் எப்படி ஓடணும்னு எழுதி வைக்கிற ஃபைல்), அதுல மூணு சர்வீஸ், சர்வீஸுக்கு ஒரு கண்டெய்னர்: ஆப், டிபி (டேட்டாபேஸ்), மெயில். மெயிலுக்கு மெயில்பிட் போடுங்க, ஆப் அனுப்புற மெயில் எல்லாத்தையும் புடிச்சு வச்சுக்கும், ப்ரவுசர்ல 8025 போர்ட்ல பாத்துக்கலாம், டெஸ்ட் மெயில் நெஜ கஸ்டமருக்கு போயிடுமோங்கிற பயமே இல்ல. பழைய டுடோரியல்ல ஃபைலோட முதல் வரியா வெர்ஷன்னு ஒண்ணு இருக்கும், இப்ப அது தேவையில்ல, வார்னிங்தான் வரும்.

புதுசா வர்றவங்க முட்டிக்கிற இடம் லோக்கல்ஹோஸ்ட். ஆப் கண்டெய்னருக்குள்ள இருந்து லோக்கல்ஹோஸ்ட்னா அந்த கண்டெய்னரேதான், உங்க லேப்டாப்பும் இல்ல டேட்டாபேஸும் இல்ல, அதனால டிபி ஹோஸ்ட்ங்கிற இடத்துல சர்வீஸ் பேர, அதாவது வெறும் "டிபி"ன்னு குடுக்கணும், மீதிய கம்போஸ் உண்டாக்குற நெட்வொர்க்கே பாத்துக்கும்.

அடுத்தது எனக்கு ரொம்ப முக்கியமா படுறது. ஆப் சர்வீஸ்ல டிபிக்கு டிபண்ட்ஸ் ஆன்னு (depends_on) எழுதிட்டா டேட்டாபேஸ் ரெடியாகுற வரைக்கும் ஆப் காத்திருக்கும்னு நிறைய பேர் நம்புறாங்க, இல்ல, டிபி கண்டெய்னர் ஸ்டார்ட் ஆச்சான்னு மட்டும்தான் பாக்கும். உண்மையா காத்திருக்கணும்னா டிபிக்கு ஒரு ஹெல்த்செக் (ரெடியாயிடுச்சான்னு அப்பப்ப சோதிக்கிற கமாண்ட்) வச்சு, டிபண்ட்ஸ் ஆனோட கண்டிஷன்ல சர்வீஸ் ஹெல்தின்னு (service_healthy) போடணும். அந்த ஹெல்த்செக்குக்கு எல்லாரும் மைஎஸ்க்யூஎல் அட்மின் பிங் (mysqladmin ping, சர்வர் உயிரோட இருக்கான்னு கேக்குற கமாண்ட்) போடுவாங்க, அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு: முதல் தடவ ஓடும்போது மைஎஸ்க்யூஎல் இமேஜ் (கண்டெய்னர் உருவாகுற மூலப் பேக்கேஜ்) டேட்டாபேஸ், யூசர் எல்லாம் உருவாக்குறதுக்காக ஒரு தற்காலிக சர்வர நெட்வொர்க் இல்லாம எழுப்பி, வேலை முடிஞ்சதும் நிறுத்திட்டு, அப்புறம்தான் நெஜ சர்வர எழுப்பும். வெறும் பிங் சாக்கெட் (நெட்வொர்க் இல்லாம அதே கண்டெய்னருக்குள்ள பேசுற வழி) வழியா அந்த தற்காலிக சர்வர்கிட்டயே "ஓகே" வாங்கிடும், ஆப் கனெக்ட் பண்ணப் போகும், கனெக்ஷன் ரெஃப்யூஸ்டுன்னு விழும், ரெண்டாவது தடவ ஓட்டினா ஒண்ணுமே நடக்காத மாதிரி வேலை செய்யும், காரணம் தெரியாம மண்டைய பிச்சுக்கணும். பிங்ல ஹோஸ்ட்ட 127.0.0.1னு குடுத்துட்டா டிசிபி, அதாவது நெட்வொர்க் வழியா போகும், நெஜ சர்வர் வந்தப்புறம்தான் பாஸ் ஆகும்.

டேட்டாவ நேம்டு வால்யூம்ல (கண்டெய்னருக்கு வெளிய, டாக்கர் ஒரு பேர் வச்சு பாத்துக்குற சேமிப்பு இடம்) வைங்க. கம்போஸ் டவுன் கமாண்ட் போட்டா கண்டெய்னர் போகும், டேட்டா இருக்கும், டவுனோட மைனஸ் வி (-v) சேத்தா டேட்டாவும் போச்சு, அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு தடவ யோசிங்க. இனிட் ஃபோல்டர்ல (ஆரம்ப டேட்டாவ ஏத்துறதுக்கான ஃபோல்டர்) வைக்கிற எஸ்க்யூஎல் ஃபைலும் வால்யூம் காலியா இருக்கும்போது மட்டும்தான் ஓடும்.

ஆப்போட கோட் ஃபோல்டர பைண்ட் மவுண்ட் பண்ணிக்கலாம், அதாவது லேப்டாப்ல இருக்குற அதே ஃபோல்டர கண்டெய்னருக்குள்ளயும் தெரிய வைக்கலாம். விண்டோஸ்காரங்க ப்ராஜெக்ட்ட சி டிரைவ்ல வைக்காம டபிள்யூஎஸ்எல்லோட (விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டுற வசதி) லினக்ஸ் ஃபைல்சிஸ்டத்துக்குள்ள வைங்க, வேகம் நல்லாவே மாறும். லினக்ஸ்ல கண்டெய்னர் ரூட்டா ஓடினா அது உருவாக்குற ஃபைல் எல்லாம் ரூட் பேர்ல வந்து நிக்கும், எடிட் பண்ண விடாது, அதுக்கு ஆப் சர்வீஸ்ல உங்க யூசர் ஐடிய குடுத்துடுங்க.

லேப்டாப்ல இருந்து டேட்டாபேஸ பாக்குறதுக்கான போர்ட் ரெண்டு ப்ராஜெக்டுக்கும் வேற வேற, ஒண்ணுக்கு 3307, இன்னொண்ணுக்கு 3308. எழுதும்போது முன்னாடி 127.0.0.1 சேத்து எழுதுங்க. இல்லன்னா டாக்கர் எல்லா இண்டர்ஃபேஸ்லயும் தொறந்து வச்சிடும், லினக்ஸ்ல யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் ரூலையும் தாண்டிப் போயிடும், அதே வைஃபைல இருக்குற யார் வேணாலும் உங்க டேட்டாபேஸ் கதவ தட்டலாம், பாஸ்வேர்டு வேற பெரும்பாலும் ரூட்டுக்கு ரூட்டாதான் இருக்கும்.