பாத்தியில் புதைத்த கடுகுமணிகள்: மண்ணை வெப்பமூட்டிப் பார்த்த அனுபவம்

தொடர்ந்து மூன்று பருவங்களாக ஒரே பாத்தியில் தக்காளிச் செடிகள் காய் பிடிக்கும் வேளையில் ஒன்றன்பின் ஒன்றாக வாடிச் சாய்ந்தன. மண்ணை ஒட்டிய தண்டுப் பகுதியில் பஞ்சைப் பிரித்து ஒட்டியதுபோல் வெண்ணிற இழைகள் படர்ந்திருந்தன. அவற்றின் மேல் முதலில் வெள்ளையாகவும் பிறகு பழுப்பாகவும் கடுகளவு உருண்டைகள் திரண்டிருந்தன. ஸ்கிளிரோஷியம் ரால்ஃப்சி என்ற பூஞ்சை உறங்கிக் கிடக்கும் வடிவம்தான் அந்த உருண்டை. செடியைப் பிடுங்கி எறிந்தாலும் அது மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு காத்திருக்கும். ஆகவே செடிக்கு மருந்து தேடுவதை நிறுத்திவிட்டு, கோடை வெயிலில் பிளாஸ்டிக் ஷீட்டால் மூடிச் சூடாக்கி மண்ணையே சீர்செய்வது என்று முடிவெடுத்தேன்.

முதல் கோடையில் செய்தது வீணாயிற்று. கையிலிருந்த கறுப்பு ஷீட்டை வறண்ட பாத்தியின் மேல் நான்கு வாரம் விரித்து வைத்தேன். அடியிலிருந்த களைகள் வெளிறிச் செத்தன. ஆனால் ஷீட்டை எடுத்து ஒரு முறை நீர் பாய்ச்சியதும் புதுக் களைகள் முளைத்தன, வாடலும் திரும்பி வந்தது. கறுப்பு ஷீட் வெயிலைத் தானே வாங்கிச் சூடாகிறதே தவிர, மண்ணுக்குள் போதிய வெப்பத்தை இறக்குவதில்லை. நிறமற்ற ஷீட் வழியாகத்தான் ஒளி மண்ணை எட்டி, அங்கே வெப்பமாக மாறிச் சிறைப்படுகிறது. அதைவிடப் பெரிய பிழை, மண்ணை நனைக்காமல் விட்டது. ஈரமண் வெப்பத்தைக் கீழே கடத்துகிறது. காய்ந்த விதையும் காய்ந்த பூஞ்சை உருண்டையும் தாங்கிக்கொள்ளும் வெப்பத்தை, நீர் ஊறிய விதையாலும் உருண்டையாலும் தாங்க முடிவதில்லை. இந்த முறையை 1976ஆம் ஆண்டில் இஸ்ரேலில் யாக்கோவ் கட்டானும் உடன் பணியாற்றியவர்களும் ஆய்வாக வெளியிட்டபோதே, நீர் பாய்ச்சிய மண்ணின் மேல்தான் ஷீட்டை விரித்திருந்தார்கள்.

இரண்டாம் கோடையில் 4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் உள்ள பாத்தியை இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாதியில் வெயில் மட்டும். மறுபாதியில் சதுர மீட்டருக்கு 2 கிலோ வீதம் ஏறத்தாழ 5 கிலோ தவிட்டைத் தூவி, 15 செ.மீ. ஆழம்வரை கொத்திக் கலந்தேன். தவிடு சேர்க்கும் வழியை 2000ஆம் ஆண்டையொட்டி நெதர்லாந்திலும் ஜப்பானிலும் தனித்தனியே வளர்த்தெடுத்தார்கள். வெயிலை மட்டும் நம்ப முடியாத இடங்களுக்கு அது ஏற்றது. நுண்ணுயிர்கள் தவிட்டைத் தின்று பெருகும்போது மண்ணிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்துபோகிறது. அதன்பின் காற்றின்றி வாழும் நுண்ணுயிர்கள் அசிட்டிக், பியூட்டிரிக் போன்ற அமிலங்களை உண்டாக்குகின்றன. நோய்க்கிருமிகளைக் கொல்வதில் அந்த அமிலங்களுக்கும் பங்குண்டு. மண்ணுக்குள் மெத்தில் புரோமைடு வாயுவைச் செலுத்திக் கிருமிகளைக் கொன்ற காலம் ஒன்று இருந்தது. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்படிக்கையின் கீழ் அது படிப்படியாக விலக்கப்பட்டது. அது போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

மாலையில் ஒரு முறை, மறுநாள் காலையில் ஒரு முறை என 30 செ.மீ. ஆழம்வரை மண் பிடித்தால் உருண்டையாகும் அளவுக்கு நீர் விட்டேன். தவிடு கலந்த பாதிக்கு இன்னும் சற்று அதிகமாக, மண் சொதசொதவென்று ஆகும்வரை விட்டேன். 50 மைக்ரான் தடிப்புள்ள நிறமற்ற ஷீட்டை மண்ணோடு படிய இழுத்து, சுற்றிலும் வெட்டிய சிறு வாய்க்காலில் ஓரங்களைப் புதைத்து மிதித்தேன். மூடுவதற்கு முன், வாடிய செடிகளிலிருந்து சேகரித்த உருண்டைகளை இருபது இருபதாக நைலான் துணியில் முடிந்து 5, 15, 25 செ.மீ. ஆழங்களில் புதைத்தேன். ஓரத்தில் ஒரு முடிச்சும், ஷீட் போடாத நிழல் மண்ணில் ஒரு முடிச்சும் வைத்தேன்.

தெளிந்த நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்கு ஷீட்டுக்கு அடியிலிருந்த மண்ணில் வெப்பமானிகள் 5 செ.மீ. ஆழத்தில் 51 டிகிரி செல்சியசும், 15 செ.மீ. ஆழத்தில் 43 டிகிரியும், 25 செ.மீ. ஆழத்தில் 38 டிகிரியும் காட்டின. மேகம் மூடிய மூன்று நாள்களில் மேல்மண்ணின் வெப்பம் எட்டு டிகிரிவரை குறைந்தது. ஐந்தாம் நாள் தவிட்டுப் பாதியின் மூலையைச் சற்றே தூக்கியபோது புளிப்பும் சாக்கடை நாற்றமும் கலந்து மூக்கில் அடித்தன. செம்பழுப்பு மண் சாம்பல் நீலமாக மாறியிருந்தது. ஆக்சிஜன் இல்லாத மண்ணில் இரும்புத் துரு கரைந்து நிறம் போவதன் அடையாளம் அது. உடனே மூடி மண்ணை அணைத்தேன்.

ஆறு வாரம் கழித்து முடிச்சுகளை எடுத்து, உருண்டைகளை ஈரத் தாளில் பரப்பி முளைக்கின்றனவா என்று பார்த்தேன். நிழல் மண்ணில் இருந்த இருபதில் பதினெட்டு வெள்ளை இழை விட்டன. வெயில் மட்டும் பட்ட பாதியில் 5 செ.மீ. ஆழத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை, 15 செ.மீ. ஆழத்தில் நான்கும் 25 செ.மீ. ஆழத்தில் பதின்மூன்றும் முளைத்தன. தவிட்டுப் பாதியில் 15 செ.மீ. வரை எதுவும் முளைக்கவில்லை, 25 செ.மீ. ஆழத்தில் ஆறு முளைத்தன. முளைக்காதவற்றை விரலால் நசுக்கினால் கூழாகின. சிலவற்றின் மேல் பச்சைப் பூஞ்சை ஏறியிருந்தது. கொல்லாத வெப்பம்கூட உருண்டையைப் பலவீனமாக்கி, டிரைக்கோடெர்மா போன்ற நன்மை செய்யும் பூஞ்சைகளுக்கு இரையாக்குகிறது என்று படித்ததை நேரில் கண்டதாகவே கருதுகிறேன். ஆனால் ஓர முடிச்சில், வெறும் 5 செ.மீ. ஆழத்திலேயே, ஒன்பது முளைத்துவிட்டன. ஓரத்து மண் பக்கவாட்டில் குளிர்ந்துகொண்டே இருப்பதால் அங்கே வெப்பம் ஏறுவதில்லை.

அமிலம் வெளியேறுவதற்காக இரண்டு வாரம் காற்றாட விட்டு, ஆழமாகக் கொத்தாமல் குழி அளவுக்கு மட்டும் மண்ணைக் கிளறி நாற்று நட்டேன். ஆழக் கொத்தினால் வெப்பம் எட்டாத விதைகளும் உருண்டைகளும் மேலே வந்துவிடும். ஒரு மாதம் கழித்து எண்ணியபோது, பாத்தியின் நடுவில் ஒரு சதுர மீட்டரில் ஏழு களைகளே இருந்தன. மூடாத பக்கத்து மண்ணில் அதே பரப்பில் எண்பதைத் தாண்டின. அந்த ஏழில் ஐந்து கோரை. ஆழத்தில் கிடக்கும் அதன் கிழங்கை இந்த வெப்பம் தொடவில்லை. கையால்தான் தோண்டி எடுத்தேன்.

பன்னிரண்டு தக்காளிச் செடிகளில் பதினொன்று காய்த்து முடித்தன. வாடிய ஒன்று ஓரத்தில் நட்டது. அதன் தண்டடியில் அதே கடுகுமணிகள் இருந்தன. செடியைச் சுற்றிய மண்ணோடு ஒரு சாண் ஆழம் வெட்டி அப்புறப்படுத்தினேன். வரும் கோடையில் ஷீட்டைப் பாத்தியின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துக்கு அரை மீட்டர் அகலமாக விரித்து, தவிட்டை இரண்டு பாதிக்கும் கலக்கப் போகிறேன்.