சோலையில் பறவை பார்க்க நடக்காதீர்கள், நில்லுங்கள்

ஊட்டி, கொடைக்கானல் மலைப் பள்ளங்களில் உள்ள அடர்காடுகளான சோலைகளுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் நடந்தே காரியத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கோடியக்கரைச் சேற்றில் நிற்கும் பறவை வெகு தொலைவிலேயே தெரியும். அதற்கு டெலஸ்கோப் வேண்டும். சோலையில் பறவை பத்தடியில் இருக்கும், இலைதான் மறைக்கும். பாதை ஓடையைக் கடக்கும் இடமாகப் பார்த்து இருபது நிமிடம் அசையாமல் நில்லுங்கள். வெயில் சோலை ஓரத்தைத் தொட்டபின் வெள்ளைக்கண்ணியும் சாம்பல்தலை ஈப்பிடிப்பானும் கலந்த கூட்டம் தானாகவே வரும்.

பைனாகுலர் 8×42 (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸ் 42 மி.மீ.) போதும். 10×42-இல் கைநடுக்கம் கூடும், பார்க்கும் வட்டம் சுருங்கும். இரண்டு மீட்டரில் தெளிவாகக் குவியாத கருவி சோலைக்கு ஆகாது, கடையிலேயே சோதித்துவிடுங்கள்.

குளிரில் கண்பக்க லென்ஸில் ஆவி படிவதற்கு முக்கியக் காரணம் மப்ளர். மூக்குவரை இழுத்துக் கட்டினால் மூச்சு நேராக மேலே ஏறி லென்ஸில் படியும். தாடைக்குக் கீழே இறக்கிவிடுங்கள். ஆவியைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள், பூச்சு கீறிப்போகும். மழைக்காலத்தில் தோலுறையோடு பீரோவில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள்.

எந்த உயரத்தில் தேடுவது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. சோலைக்கிளி (பெயர்தான் கிளி, உண்மையில் சிறு நீலப் பறவை) தரையை ஒட்டி, இருட்டு விலகும் நேரத்தில். கருப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பான் முழங்கால் உயரப் புதரில். நீலகிரி காட்டுப்புறா உச்சிக் கிளையில் பழம் தின்னும். சிரிப்பது போலக் கத்தும் சிரிப்பானைக் காது முதலில் பிடித்துவிடும். தவிட்டுப்பழச் செடிப் பக்கம் பாருங்கள்.

பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஊட்டி, தெற்கே கொடைக்கானல். இரண்டு பக்கமும் சில பறவை இனங்களே வேறு. நீலகிரிச் சிரிப்பானுக்கு மார்பு செம்பழுப்பு, பழனிச் சிரிப்பானுக்குச் சாம்பல். நீலகிரிச் சோலைக்கிளிக்கு விலாவில் செம்பழுப்பு உண்டு. கொடைக்கானலில் இருப்பதற்கு அது கிடையாது, வயிறு வெள்ளை.

செல்போனில் பறவையின் குரலைப் போட்டு அதை வரவழைக்காதீர்கள், அதிலும் ஏப்ரல், மே மாதங்களில் கூடவே கூடாது. தன் எல்லைக்குள் வேறொன்று புகுந்துவிட்டதென்று நினைத்து, இரை தேடுவதையும் கூட்டையும் விட்டுவிட்டு அது உங்களைச் சுற்றியே அலையும். நீலகிரிச் சோலைக்கிளி உலகில் வேறெங்கும் தப்பிப் போக இடமில்லாத பறவை.