ஜல்லி எப்படி இறங்கும்? கன்சல்டன்சியில் என் ஆறு வாரப் பயிற்சி

ஆறாவது செமஸ்டர் முடிந்ததும் ஆறு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் பயிற்சி எடுத்துவிட்டு வர வேண்டும் என்று எங்கள் பாடத்திட்டத்தில் இருந்தது. கூடப் படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் சைட்டுக்குப் போனார்கள். நான் வெயிலுக்குப் பயந்து (மறைப்பதற்கு என்ன இருக்கிறது) கட்டட வடிவமைப்பு செய்யும் கன்சல்டன்சிக்குத்தான் போவேன் என்று முடிவு செய்தேன். ஏசி அறை, ஒரு கம்ப்யூட்டர், அதில் ஸ்டாட் புரோ, ஈடாப்ஸ் மாதிரி கட்டட வடிவமைப்பு சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கும், ஆறு வாரத்தில் கற்றுக்கொண்டு வந்து ரெஸ்யூமேயில் போட்டுவிடலாம் என்பதுதான் திட்டம்.

இடம் கிடைப்பதே பெரும்பாடு. பதினோரு நிறுவனங்களுக்கு மெயில் போட்டேன், இரண்டு பதில் வந்தது, இரண்டிலும் இப்போது இடமில்லை என்று இருந்தது. அவர்கள் பக்கத்திலிருந்து பார்த்தால் அதுவும் நியாயம்தான், ஆறு வாரத்துக்கு வருகிற பையனுக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு இன்ஜினியரின் நேரம் போகும், அவன் வேலைக்கு ஆகிற நிலைக்கு வரும்போது கிளம்பிவிடுவான். கடைசியில் கல்லூரிக் கடிதத்தையும், நான் கையால் போட்ட ஒரு ஸ்லாப் (தளம்) டிசைன் கணக்கின் நான்கு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு நேரிலேயே போனேன். மூன்றாவது அலுவலகத்தில் சார் ரெஸ்யூமேயைத் திறக்கவே இல்லை, அந்தக் கணக்கை மட்டும் புரட்டினார். ஒரு இடத்தில் யூனிட் தப்பு. அதைச் சுட்டிக்காட்டிவிட்டு, "திங்கட்கிழமை வாங்க" என்றார். மெயிலில் ஒட்டுகிற ரெஸ்யூமேயைவிட நாமே போட்ட ஒரு கணக்கைக் கையில் கொண்டுபோவது மேல் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், யாரும் கேட்பதில்லை.

முதல் வாரம் முழுக்க எனக்குக் கம்ப்யூட்டர் கிடையாது. முடிந்துபோன ஒரு கட்டடத்தின் டிராயிங் கட்டு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். ஆர்க்கிடெக்ட் டிராயிங், பில்லர் லேஅவுட், பீம் லேஅவுட், ஃபூட்டிங் (அஸ்திவாரம்), படிக்கட்டு என்று முப்பத்துச் சொச்சம் தாள்கள். இரண்டு நாள் வெறுமனே புரட்டினேன். மூன்றாம் நாள் டிராஃப்ட்ஸ்மேன் அண்ணா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஒரு பீமில் விரலை வைத்து, "இது எங்க ஆரம்பிச்சு எங்க முடியுது, மேல எத்தன கம்பி, அதுல எத்தன கடைசி வரைக்கும் போகுது, எது பாதியில நிக்குது?" என்று கேட்டார். ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. மூன்று வருடம் ஆர்சிசி (கம்பி போட்ட காங்கிரீட்) படித்திருக்கிறேன், பீமில் வளைவுத் திருப்புமை (மொமெண்ட், அதாவது பாரம் பீமை வளைக்கப் பார்க்கும் அளவு) எங்கே அதிகம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், ஆனால் தாளில் அந்த பீமைக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை!

அவர் சொன்ன வழி எளிமையானது. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் கிரிட் கோட்டை (பில்லர்களின் இடத்தைக் குறிக்கும் கோடுகள்) பார், அப்புறம் தலைப்புக் கட்டத்தில் ரிவிஷன் எண்ணை (எத்தனையாவது திருத்தம்) பார், அப்புறம்தான் மற்றதெல்லாம். மாற்றம் செய்த இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி நெளிநெளியாக ஒரு கோடு போட்டிருப்பார்கள், அதைப் பார்த்தால் போன தாளுக்கும் இந்தத் தாளுக்கும் என்ன வித்தியாசம் என்று தெரிந்துவிடும். இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொன்னதில்லை.

அடுத்து பார் பெண்டிங் ஷெட்யூல், எந்தக் கம்பியை எவ்வளவு நீளத்தில் வெட்டி எப்படி வளைப்பது என்ற பட்டியல். 300க்கு 600 பீம் (எல்லா அளவும் மி.மீ.), கவர் (கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய காங்கிரீட்) 25, ரிங் (நீளக் கம்பிகளைச் சுற்றி வரும் வளையம்) 8 மி.மீ. கம்பி. ரிங்கின் வெளி அளவு 250க்கு 550, சுற்றளவு 1,600. இரண்டு கொக்கிக்கு விட்டத்தின் பத்து மடங்கு வீதம் 160 சேர்த்து 1,760 என்று எழுதிக் கொடுத்தேன். அண்ணா பார்த்துவிட்டு, "கம்பி வளையும்போது நீளாதா?" என்றார். ஒவ்வொரு வளைவுக்கும் கழிக்க வேண்டும்: 90 டிகிரி வளைவு மூன்றுக்கு விட்டத்தின் இரு மடங்கு வீதம் 48, கொக்கியில் வருகிற 135 டிகிரி வளைவு இரண்டுக்கு மும்மடங்கு வீதம் 48, ஆக 96 போய் வெட்டு நீளம் 1,664 மி.மீ. ஒரு ரிங்குக்கு 96 மி.மீ. தானே என்று தோன்றும், நானூறு ரிங்குக்கு 38 மீட்டர் கம்பி. எடைக்கு விட்டத்தின் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு இத்தனை கிலோ என்று வந்துவிடும், 20 மி.மீ. கம்பிக்கு 2.47 கிலோ. அந்த 162 எங்கிருந்து வருகிறது என்று கேட்டார், சொல்லத் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து இரும்பின் அடர்த்தி 7,850ஐயும் பரப்பளவையும் வைத்துப் போட்டுப் பார்த்தேன், சரியாக வந்தது. அப்போது ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சம் அசட்டுத்தனமானதுதான்.

இரண்டாம் வாரக் கடைசியில் ஒருவழியாகக் கம்ப்யூட்டர் கிடைத்தது. நான்கு ஸ்லாப் உள்ள சின்னக் கட்டடம் ஒன்றைப் பழகுவதற்காக மாடல் செய்யச் சொன்னார்கள், ஏற்கெனவே டிசைன் முடிந்த கட்டடம், அதனால் நான் தப்பு செய்தாலும் யார் தலையிலும் விழாது. இரண்டு நாளில் முடித்துவிட்டேன். வண்ண வண்ணமாக மொமெண்ட் படம் வந்தது, அதை போனில் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பியும்விட்டேன். சீனியர் மேடம் வந்து படத்தைப் பார்க்கவே இல்லை. "மொத்த ரியாக்ஷன் எவ்வளவு? கையால போட்டா எவ்வளவு வருது?" என்றார்.

ரியாக்ஷன் என்பது அஸ்திவாரம் திருப்பித் தாங்குகிற பாரம், கட்டடத்தின் மொத்த பாரத்துக்குச் சமமாக வர வேண்டும். அதை நான் கையால் போடவில்லை. அப்புறம் போட்டேன். ஸ்லாப் 150 மி.மீ., காங்கிரீட் கனமீட்டருக்கு 25 கிலோநியூட்டன், ஆக சதுர மீட்டருக்கு 3.75. தளப்பூச்சு, லைவ் லோடு (ஆட்கள், சாமான்களின் பாரம்), பீம், பில்லர், சுவர் எல்லாவற்றையும் கூட்டினேன். சுவரை முதலில் மறந்தே போயிருந்தேன். 230 மி.மீ. செங்கல் சுவர், பீமுக்குக் கீழே 2.4 மீட்டர் உயரம் என்றால் ஓடுகிற ஒவ்வொரு மீட்டருக்கும் சுமார் 11 கிலோநியூட்டன், சில பீம்களில் ஸ்லாபிலிருந்து வருகிற பாரத்தைவிட அது அதிகம். எல்லாம் சேர்த்து கைக்கணக்கில் சுமார் 9,840 கிலோநியூட்டன் வந்தது. சாஃப்ட்வேர் 12,870 என்றது.

கைக்கணக்கில்தான் தப்பு என்று நான் உறுதியாக இருந்தேன், கம்ப்யூட்டர் எப்படித் தப்பாகக் கூட்டும்? மூன்று முறை திரும்பப் போட்டேன், அசையவில்லை. மேடம் சிரித்துக்கொண்டே, "வித்தியாசத்த மாடி எண்ணிக்கையால வகு, அப்புறம் பரப்பளவால வகு" என்றார். வித்தியாசம் 3,030. நான்கால் வகுத்தால் ஏறக்குறைய 757. ஒரு ஸ்லாப் 200 சதுர மீட்டர், வகுத்தால் 3.79. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றுக்குள் என்னவோ செய்தது. 3.75, ஸ்லாபின் சொந்த எடை! சாஃப்ட்வேர் அதைத் தானாகவே எடுத்துக்கொள்கிறது, நான் அது தெரியாமல் தளப்பூச்சோடு சேர்த்து இன்னொரு முறை கையாலும் கொடுத்திருக்கிறேன். கம்ப்யூட்டர் சரியாகத்தான் கூட்டியது, நான் கொடுத்ததைக் கூட்டியது. அந்த அலுவலகத்தில் இந்த ஒப்பீட்டுத் தாள் இல்லாமல் எந்த மாடலும் அடுத்த மேஜைக்குப் போகாது, இருபது வருட அனுபவம் உள்ளவர் செய்த மாடலாக இருந்தாலும்.

மண் பரிசோதனை அறிக்கை படிப்பது, படிக்கட்டு டிசைன், காங்கிரீட் விதிநூலான ஐஎஸ் 456இல் எந்தப் பிரிவு எங்கே இருக்கிறது என்று புரட்டுவது, இதெல்லாம் மூன்றாம் வாரத்தில் நடந்தது. சொல்லும்படியாக ஒன்றும் இல்லை, ஒரே தூக்கம்.

நான்காம் வாரம்தான் விஷயம். நடந்துகொண்டிருந்த ஒரு வேலைக்கு நானே பீம் டீட்டெயில் ஒன்றை வரைந்தேன், மேடம் கணக்குப் போட்டு இத்தனை கம்பி என்று கொடுத்தார், அதைத் தாளில் ஏற்றுவது மட்டும் என் வேலை. சப்போர்ட்டில் (பீம் பில்லரில் உட்காரும் இடம்) மேல்பக்கம் 20 மி.மீ. கம்பி ஐந்து. 300 அகலத்தில் இரு பக்கமும் கவர் 25, ரிங் 8 போக 234 மீதி. ஐந்து கம்பிக்கு 100 போனால் 134, நான்கு இடைவெளிக்குப் பிரித்தால் 33 மி.மீ. சொச்சம். 20 மி.மீ. ஜல்லிக்கு 25 இருந்தால் போதும் என்கிறது விதிநூல். ஆக, ஒரே வரிசையில் ஐந்து, சரிதானே? வரைந்தேன், மேடமும் வேறு வேலை அவசரத்தில் டிக் போட்டுவிட்டார், தாள் சைட்டுக்குப் போய்விட்டது.

நான்கு நாள் கழித்து சார் கம்பி செக் பண்ணக் கிளம்பும்போது என்னையும் கூப்பிட்டுக்கொண்டார். வெயிலுக்குப் பயந்து கன்சல்டன்சிக்கு வந்தவன் நட்ட நடு மத்தியானம் சென்ட்ரிங் பலகை மேல் நின்றுகொண்டிருந்தேன். கம்பி கட்டும் மேஸ்திரி எங்களைப் பார்த்ததும் நேராக ஒரு மூலைக்குக் கூட்டிப்போனார். பில்லரும் பீமும் சேருகிற இடம். "சார், டிராயிங் படி அஞ்சும் போட்டுட்டேன். வைப்ரேட்டர் ஊசிய எங்க விடுறது? ஊசி கெடக்கட்டும், ஜல்லி எப்படி இறங்கும்?" காங்கிரீட்டை அதிரவைத்து இறுக்குகிற கருவியின் முனைதான் அந்த ஊசி.

குனிந்து பார்த்தேன். நான் வரைந்த அதே ஐந்து கம்பிகள், ஆனால் பில்லரின் மூலைக்கம்பிகளுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு. விஷயம் இதுதான்: பில்லரும் 300 அகலம், பீமும் 300, இரண்டும் முகத்தோடு முகம் சமமாக நிற்கின்றன. பில்லருக்கு கவர் 40, ரிங் 8, அதனால் அதன் மூலைக்கம்பி முகத்திலிருந்து 48இல் தொடங்கி 68இல் முடிகிறது. என் பீமின் ஓரக்கம்பி 33லிருந்து 53 வரை. இரண்டும் ஒரே இடத்தில் நிற்க முடியாது, ஒன்று வளைந்து கொடுக்க வேண்டும், பீம் கம்பி உள்ளே வந்தே ஆக வேண்டும். இரு பக்கமும் 68 போனால் மீதி 164. அதில் கம்பிக்கு 100. மிச்சம் 64ஐ நான்காகப் பிரித்தால் 16 மி.மீ. இருபது மி.மீ. ஜல்லி பதினாறு மி.மீ. சந்தில் எப்படி இறங்கும்? மேஸ்திரி இந்தக் கணக்கு எதுவும் போடவில்லை. ஒரு ஜல்லியை எடுத்துக் கம்பிமேல் வைத்தார், அது அங்கேயே நின்றது.

யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். சார் மேஸ்திரியிடம், "நல்லவேளை கேட்டீங்க" என்றார், அவ்வளவுதான். அங்கேயே டிராயிங்கின் பின்பக்கம் மேல்வரிசையில் மூன்று, அதற்குக் கீழே இரண்டு என்று கையால் வரைந்தார். மூன்று கம்பி என்றால் 164இல் 60 போய் 104, ஓரக்கம்பிகளைப் பில்லர் கம்பியோடு ஒட்டிவிட்டால் இரண்டு பெரிய சந்து, ஒவ்வொன்றும் 52. நாற்பது மி.மீ. ஊசி தாராளமாகப் போகும், கீழே இருக்கிற இரண்டையும் ஓரத்துக் கம்பிகளுக்கு நேர் கீழே வைத்தால் வழியும் மறையாது. ஆனால் இரண்டாம் வரிசை கீழே போவதால் பீமின் பயனுறு ஆழம் (அடி முகத்திலிருந்து மேல்கம்பிகளின் மையம் வரை உள்ள உயரம்) குறையும், 557 இருந்தது 541 ஆகிறது. அந்தப் பதினாறு மி.மீ. குறைந்த பிறகும் ஐந்து கம்பி போதுமா என்று அலுவலகத்துக்கு போன் போட்டு மேடத்தைப் பார்க்கச் சொன்னார். தேவையான கம்பிப் பரப்பளவு சுமார் 1,450லிருந்து 1,515 சதுர மி.மீ. ஆக ஏறியது, ஐந்து கம்பியில் 1,570 இருந்தது. போதும். அந்த பதில் வரும்வரை, சுமார் இருபது நிமிடம், மேஸ்திரி ஆட்களை வேறு பீமுக்கு அனுப்பிவிட்டு நிழலில் உட்கார்ந்து என்னிடம், "தம்பி எந்த வருஷம் படிக்கிறீங்க?" என்று விசாரித்தார். அந்த டீட்டெயிலை வரைந்தது நான்தான் என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

திரும்பி வரும்போது சைட் ஆபீஸ் கொட்டகையில் ஒட்டியிருந்த ஃபூட்டிங் டிராயிங்கைச் சும்மா எட்டிப்பார்த்தேன், ரிவிஷன் 1. எங்கள் பக்கம் 3 வரை அனுப்பியிருந்தோம். அதை மட்டும் நான் கண்டுபிடித்துச் சொன்னேன். நல்லவேளையாக 2, 3 இரண்டிலும் மாற்றம் இன்னும் தொடாத பகுதியில்தான். கிரிட், ரிவிஷன், அப்புறம் மற்றது என்று அண்ணா சொன்னது கை பழகிவிட்டிருக்கிறது.

அப்புறம் அறிக்கை. இதில் ஒரு சிக்கல் உண்டு, முன்னாடியே தெரிந்துகொள்ளுங்கள்: அலுவலக டிராயிங் எதையும் அப்படியே அறிக்கையில் ஒட்ட முடியாது, அது கட்டட உரிமையாளருக்குச் செய்து கொடுத்தது. நான் ஐந்தாம் வாரத்தில்தான் கேட்டேன், முடியாது என்றார்கள். பெயர், இடம் எல்லாம் இல்லாமல் எனக்கு வேண்டிய வெட்டுத்தோற்றங்களை நானே புதிதாக வரைந்து, சாரிடம் காட்டி, பிறகு சேர்த்தேன். தினக்குறிப்பு நோட்டையும் அன்றன்றே எழுதிவிடுங்கள், நான் இரண்டு வாரத்தை ஒரே இரவில் எழுதினேன், எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வு) கேட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் ஏன் இவ்வளவு குறைவு என்றும் கேட்டார்கள். பீம்-பில்லர் சந்திப்புப் படத்தைக் காட்டி விளக்க ஆரம்பித்தேன், பாதியிலேயே "சரி சரி, அடுத்த ஆள்" என்றுவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான்.

சான்றிதழ் கையெழுத்தைக் கடைசி நாளுக்கு விட்டுவைக்காதீர்கள். எனக்கு அன்று பார்த்து சார் வெளியூர் போய்விட்டார், பயிற்சி முடிந்து ஒன்பது நாள் கழித்துத் திரும்பப் போய்த்தான் வாங்கினேன். போனபோது டிராஃப்ட்ஸ்மேன் அண்ணா வேறொரு கட்டடத்தின் பீம் டீட்டெயிலைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் பில்லரின் குறுக்குவெட்டையும் அதே அளவில் வரைந்து, பீம் கம்பிகளை அதன்மேல் பொருத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். "இப்ப எல்லாத்துக்கும் இப்படித்தான் போட்டுப் பாக்கச் சொல்லிட்டாங்க, உன்னாலதான்" என்று சொல்லிவிட்டு, நாற்காலியை நகர்த்தி, "வந்ததுதான் வந்த, இந்த இடைவெளி எவ்வளவு வருதுன்னு பாரு" என்றார்.