பங்காளிச் சண்டையில் வளர்ந்த வீடு

கொல்கத்தாவுக்குப் போகிறவர்கள் தாகூர் வீட்டைப் பார்க்காமல் திரும்புவதில்லை. நாங்களும் அந்தக் கணக்கில்தான் போனோம். ஆனால் ஜொராசாங்கோவில் அரை நாள் சுற்றிய பிறகு, கவிஞரைவிட அந்த வீட்டின் கதைதான் எங்களைப் பிடித்துக்கொண்டது. பாகப்பிரிவினையைப் பார்த்து வளர்ந்த எவருக்கும் அந்த வீடு சட்டென்று புரிந்துவிடும்.

மெட்ரோவில் கிரீஷ் பார்க் நிலையத்தில் இறங்கிக்கொண்டோம். விவேகானந்தா சாலையில் கொஞ்ச தூரம் போனால் கணேஷ் டாக்கீஸ் சந்திப்பு வருகிறது. 2016 மார்ச்சில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலம் இடிந்து விழுந்தது இங்கேதான். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ரவீந்திர சரணி. பழைய பெயர் சித்பூர் சாலை. நகரம் உருவாவதற்கு முன்பே இருந்த பாதை என்பார்கள். கைவண்டி, சுமைகூலிகள், பளிங்குச் சிலைக் கடைகள், ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் நடக்க முடியாத நெரிசல். அந்தக் கூச்சலுக்கு நடுவே துவாரகாநாத் தாகூர் சந்து பிரிகிறது. உள்ளே நுழைந்து சில அடி வைத்ததும் செங்கல் சிவப்புச் சுவர்களும் பச்சை மரச் சன்னல்களுமாகப் பெரிய வீடு. திங்கட்கிழமை விடுமுறை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி இல்லை. செருப்பையும் கழற்ற வேண்டும்.

கதை இந்த வீட்டில் தொடங்கவில்லை. வடமேற்கே நடக்கும் தூரத்தில் பாதுரியாகாட்டா என்ற இடத்தில்தான் தாகூர் குடும்பம் ஒன்றாக இருந்தது. அண்ணன் நீலமணி ஒரிசாவில் கும்பெனி உத்தியோகத்தில் சம்பாதித்துப் பணத்தை வீட்டுக்கு அனுப்பினார். தம்பி தர்ப்பநாராயண் கல்கத்தாவில் இருந்தபடியே குடும்பத்தைப் பார்த்துக்கொண்டார். தானும் நன்றாகச் சம்பாதித்தார். அண்ணன் ஊர் திரும்பியதும் எது யாருடைய காசு என்ற பேச்சு வந்தது. பிறகு நடந்ததை நான் சொல்லவே வேண்டாம், நம் ஊரில் எத்தனை பார்த்திருக்கிறோம். 1784-ல் நீலமணி ஒரு லட்ச ரூபாயும், குலதெய்வமான லக்ஷ்மி ஜனார்தன சாளக்கிராமமும் எடுத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வீட்டைவிட்டு வெளியேறினார். வீட்டைத் தம்பிக்கே விட்டுவிட்டார்.

தெருவில் நின்றவருக்கு மனை கொடுத்தவர் வைஷ்ணவசரண் சேட் என்ற வணிகர். பானையில் கங்கை நீரை அடைத்து முத்திரை வைத்து வெளியூருக்கு அனுப்புவாராம். அவர் முத்திரை இல்லாத கங்கை நீரைத் தெலுங்கு தேசத்து ராஜா தொட மாட்டார் என்று ஒரு பெருமை சொல்வார்கள். சேட் இடம் கொடுக்கத் தயார்தான். ஆனால் சூத்திரரிடம் தானம் வாங்கினால் பிராமணனுக்கு இழுக்கு என்று நீலமணி தயங்கினார். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மனை நீலமணிக்கு இல்லை, சாளக்கிராமத்துக்கு! சாமி பேரில் பத்திரம், சாமியோடு குடும்பமும் குடியேறியது. உலகப் புகழ்பெற்ற அந்த வீட்டின் முதல் உரிமையாளர் கையளவுக் கறுப்புக் கல். என் மனைவிக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்துப்போனது. "சாமிக்குச் சாமியும் ஆச்சு, வீட்டுக்கு வீடும் ஆச்சு" என்றாள்.

முதலில் எளிமையான குடியிருப்பாகத் தொடங்கியதை மாளிகை ஆக்கியவர்கள் அடுத்த தலைமுறைகள். அதில் துவாரகாநாத் தனி ரகம். நீலமணியின் பேரன், பெரியப்பாவுக்குத் தத்துப்போனவர். கும்பெனியின் உப்பு இலாகாவில் உத்தியோகம், பிறகு அவுரி, அபின், நிலக்கரி, வங்கி, 1834-ல் ஆங்கிலேயரோடு கூட்டுச் சேர்ந்து கார் தாகூர் கம்பெனி. 1823-ல் பழைய வீட்டை ஒட்டி அவர் கட்டிய புது வீட்டுக்குப் பெயர் 'பைடக்கானா பாரி'. விருந்தினரை உட்காரவைத்துப் பேசும் வீடு என்று வைத்துக்கொள்ளலாம். அந்த டிசம்பரில் புதுமனை புகுவிழாவுக்கு வெள்ளைக்காரத் துரைகளும் துரைசானிகளும் வந்தார்கள். விருந்து, பாட்டு, ஆங்கில வாத்தியம். கடைசியில் கோமாளிகள் வேஷம் கட்டி ஆட, ஒருவன் பசு வேஷத்தில் வந்து புல்லை மென்று காட்டினான் என்று அக்கால வங்கப் பத்திரிகை செய்தி போட்டிருக்கிறது. மாட்டுக்கறி சாப்பிடும் துரைகளுக்கு முன்னால் பசு வேஷம்! யார் யோசனையோ தெரியவில்லை, தைரியசாலி.

புது வீட்டில் துவாரகாநாத் நிரந்தரமாகத் தங்கிவிட்டதற்குக் காரணம் விருந்து மட்டுமல்ல. அவர் மனைவி திகம்பரி தேவி ஆசாரத்தில் நெருப்பு. கணவர் சாகேபுகளோடு ஒரே மேசையில் மாமிசமும் மதுவுமாகச் சாப்பிடுகிறார் என்று காதில் விழுந்ததும், தன் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்று பெல்காச்சியா தோட்ட வீட்டுக்கே போய்ப் பார்த்தாராம். திரும்பி வந்து பண்டிதர்களைக் கூப்பிட்டு, இனி நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார். கணவருக்குப் பணிவிடை செய்யலாம், சேர்ந்து வாழக் கூடாது என்று அவர்கள் சொல்ல, சொன்னபடியே நடந்தார். குடும்பக் காரியமாகக் கணவரிடம் ஒரு வார்த்தை பேச வேண்டி வந்தாலும், பேசி முடித்ததும் கங்கை நீரில் தலைமுழுகுவார், மார்கழி ராத்திரியானாலும் சரி. துவாரகாநாத்தும் சண்டை போடவில்லை. பக்கத்து வீட்டோடு நின்றுகொண்டார். 1839-ல் அந்த அம்மாள் போய்விட்டார். மகாராணி விக்டோரியாவைச் சந்தித்து, லண்டனையே தன் செலவால் வியக்கவைத்த துவாரகாநாத் 1846-ல் அங்கேயே இறந்து அங்கேயே புதைக்கப்பட்டார்.

அருங்காட்சியகத்தில் துவாரகாநாத்தின் ஓவியங்களுக்கு முன் நிற்பவர்கள் குறைவு. எல்லோரும் பேரனைத் தேடி வேகமாகப் போய்விடுகிறார்கள். எனக்கென்னவோ இவரை இன்னும் கொஞ்சம் கொண்டாடியிருக்கலாம் என்று தோன்றுகிறது. ஆனால் அவர் விட்டுச்சென்றது சொத்தைவிடக் கடன் அதிகம் என்பதும் உண்மை. 1847, 48-ல் கல்கத்தாவில் வியாபார வீடுகள் வரிசையாகச் சரிந்தன. அவர் வளர்த்த யூனியன் வங்கியும் கார் தாகூர் கம்பெனியும் அதில் போயின. துவாரகாநாத் முன்யோசனையோடு சில ஜமீன்களை 1840-லேயே டிரஸ்டில் போட்டுவைத்திருந்தார். கடன்காரர்கள் அதைத் தொட முடியாது. மூத்த மகன் தேவேந்திரநாத் மட்டும், அதையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். அசந்துபோன கடன்காரர்கள் அவகாசம் கொடுத்தார்கள். அவர் வருஷக்கணக்கில் அடைத்துத் தீர்த்தார்.

அடுத்த சண்டை சாமியால் வந்தது. தேவேந்திரநாத் பிரம்ம சமாஜம் என்ற சமயச் சீர்திருத்த இயக்கத்தின் தலைவர்; உருவ வழிபாடு கூடாது என்பவர். தகப்பனாருக்கே வழக்கமான முறையில் திவசம் செய்ய மறுத்துச் சொந்தக்காரர்களின் பகையைச் சம்பாதித்தவர். வீட்டு முற்றத்தை ஒட்டி 'தாகுர்தாலான்' என்ற பூசை மண்டபம் இருக்கிறது. ஒரு காலத்தில் ஊரே பேசும்படி துர்கா பூஜை நடந்த இடம். அங்கே பூசை நின்றது. பிரம்ம சமாஜப் பிரார்த்தனை வந்தது. கடைசியில் குலதெய்வமும் வீட்டில் வேண்டாம் என்றானபோது, தேவேந்திரநாத்தின் மறைந்த தம்பி கிரீந்திரநாத்தின் மனைவி யோகமாயா, சாளக்கிராமத்தை எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு பைடக்கானா வீட்டுக்குப் போய்விட்டார். சாமி பேரில் வாங்கிய மனையிலிருந்து சாமி பக்கத்து வீட்டுக்குக் குடிபோனது! அதற்குப் பிறகு ஆறாம் நம்பரான பழைய வீடு பிரம்ம சமாஜக் குடும்பம், ஐந்தாம் நம்பரான பைடக்கானா வீடு இந்துக் குடும்பம். ஆண்கள் போக வரப் பேசிக்கொண்டார்கள், நாடகம் போட்டார்கள். பெண்களுக்குள்தான் போக்குவரத்து அறுந்தது. நேற்றுவரை ஒரே அடுப்படியில் புழங்கிய ஓர்ப்படிகள்.

மாடி வராந்தாக்களில் நடக்கும்போது இந்த வீடு எவ்வளவு பெரியது என்பதும், பெண்களுக்கு எவ்வளவு சின்னது என்பதும் சேர்ந்தே உறைக்கிறது. அந்தப்புரம் பின்கட்டில். கங்கையில் குளிக்க ஆசைப்பட்டால் மூடுபல்லக்கில் ஏற்றிக்கொண்டுபோய்ப் பல்லக்கோடு தண்ணீரில் முக்கி எடுத்து வருவார்கள். தேவேந்திரநாத்தின் இரண்டாவது மகன் சத்யேந்திரநாத் ஐ.சி.எஸ். தேறிய முதல் இந்தியர். 1864-ல் மனைவி ஞானதாநந்தினியைப் பம்பாய்க்கு அழைத்துப்போகத் தகப்பனாரிடம் அனுமதி வாங்கினார். ஆனால் வெளிவாசல் வரை நடந்துபோய் வண்டி ஏற மட்டும் அனுமதி கிடைக்கவில்லை. கப்பல்வரை பல்லக்கு. அந்தப் பெண்தான் பம்பாயிலிருந்து திரும்பும்போது ரவிக்கை, உள்பாவாடையோடு புதுமாதிரிப் புடவைக்கட்டைக் கொண்டுவந்து வங்காளம் முழுக்கப் பரப்பினார்.

இந்தக் கூட்டத்தில் 1861 மே 7-ல் பிறந்த, தேவேந்திரநாத்தின் பதினான்காவது பிள்ளை ரவீந்திரநாத். வளர்த்தது வேலைக்காரர்கள். ஷியாம் என்ற வேலைக்காரன் சின்னப் பையனைச் சன்னலோரம் உட்காரவைத்து, சுற்றிச் சாக்கட்டியால் வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று பயமுறுத்திவிட்டுப் போய்விடுவான். ராமாயணம் கேட்டு வளர்ந்த பிள்ளை, சீதைக்கு என்ன ஆயிற்று என்று தெரியும், அசையவில்லை. சன்னல் வழியாகக் கீழே இருந்த குளத்தையும் ஆலமரத்தையும் நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பெரியவரானதும் எழுதியிருக்கிறார்.

கவிஞரின் மனைவி மிருணாளினி தேவியின் சமையலறை நான் நினைத்ததைவிடச் சிறியது. தாழ்வான அடுப்பு, சில பாத்திரங்கள். 1902-ல் அவர் இறந்ததும் இந்த வீட்டில்தான். அடுத்தடுத்த அறைகளில் சன்னமாக ரவீந்திர சங்கீதம் ஒலித்துக்கொண்டே இருந்தது. கவிஞர் கடைசியாகக் கிடந்த அறைக்கு முன் ஒரு வயதான வங்காளி அம்மாள் கைகூப்பி நின்றிருந்தார். 1941 ஜூலை 30-ல் வராந்தாவிலேயே அவருக்கு அறுவைச் சிகிச்சை செய்தார்கள். ஆகஸ்ட் 7-ம் தேதி மதியம் உயிர் பிரிந்தது. வெளியே திரண்ட கூட்டத்தைக் கட்டுப்படுத்த முடியவில்லை.

அதே காலத்தில்தான் ஐந்தாம் நம்பர் வீடும் கைமாறியது. கிரீந்திரநாத்தின் பேரன்களான ககனேந்திரநாத்தும் அபனீந்திரநாத்தும் அந்த வீட்டின் தெற்கு வராந்தாவில் உட்கார்ந்து வரைந்தார்கள். நவீன இந்திய ஓவியத்தின் ஒரு பெரிய பகுதி அந்தத் திறந்த வராந்தாவில் உருவானது. 1940-களில் வீடு விலைபோய் இடிக்கப்பட்டது. துவாரகாநாத்தின் விருந்து மண்டபம், யோகமாயா தூக்கிப்போன சாமி இருந்த அறை எல்லாம் சேர்ந்தே போயின. ஆறாம் நம்பர் தப்பியது. 1962-ல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் இங்கே தொடங்கியது. ஐந்தாம் நம்பரை இடித்ததற்கு என்னால் சமாதானம் சொல்லிக்கொள்ள முடியவில்லை. கவிஞர் பிறந்த வீடு இல்லை என்பதால் அது இரண்டாம்பட்சமாகிவிட்டது, அவ்வளவுதான்.

மண் குவளையில் தேநீர் குடித்துவிட்டு அப்புறம் பாதுரியாகாட்டாவுக்கே நடந்தோம், தம்பி தர்ப்பநாராயணின் பக்கத்தையும் பார்த்துவிடலாமே என்று. பிரசன்னகுமார் தாகூர் தெருவில் அவருடைய வம்சத்தில் வந்த ஜதீந்திரமோகன் 1890-களில் எழுப்பிய 'தாகூர் காசில்' இருக்கிறது. இங்கிலாந்துக் கோட்டை மாதிரி கட்டியது. இப்போது கடைகளும் குடித்தனங்களும் கிடங்குகளும் அதை மூடி நிற்க, அண்ணாந்து பார்த்தால்தான் கோபுரம் தெரிகிறது. மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவரிடம், "தாகூர் வீடு இதுதானே?" என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன். "இல்லை இல்லை, ஜொராசாங்கோ" என்று நாங்கள் வந்த வழியைக் கை காட்டினார். சண்டை போட்டுக்கொண்டு வெளியே போன அண்ணனின் வீட்டுக்குத்தான் இன்று குடும்பப் பெயர். பழைய வீட்டை வைத்துக்கொண்ட தம்பி இதைக் கேட்டிருந்தால் அந்த மூட்டைக்காரரை ஒரு வழி பண்ணியிருப்பார்.