உள்நோக்கம் கற்பிப்பதற்கு முன்

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ கச்சத்தீவைப் பற்றிய பேச்சு எழுந்துவிட்டால், எதிரே இருப்பவர் வாய் திறப்பதற்கு முன்பே அவருடைய கட்சியைக் கணித்து, அவருக்கு உள்நோக்கம் கற்பித்துவிடுகிறோம். இதில் எனக்கு உடன்பாடில்லை.

தீவை மீட்டால் இலங்கைக் கடற்படை நம் மீனவர்களைக் கைது செய்வது நின்றுவிடும் என்று விசைப்படகு உரிமையாளர் ஒருவர் என்னிடம் வாதிடுவார். கைதுச் செய்திகளில் பல, கச்சத்தீவுக்கும் அப்பால் உள்ள நெடுந்தீவுப் பக்கத்தையே குறிப்பிடுவதால் அதை நான் ஏற்பதில்லை. ஆனால் பறிபோன படகுக்கு இன்னமும் வட்டி கட்டுகிறவர், தெரிந்தே பொய் சொல்கிறார் என்று எப்படி நினைப்பது? அவருக்கு நேரெதிர்க் கட்சியைச் சேர்ந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர், விசைப்படகுகள் கடலடியோடு இழுத்துச் செல்லும் இழுவைமடி வலை சிதைத்த தம் வலையை மணலில் விரித்தார். கண்ணிகள் பிய்ந்து, மிதவைக் கயிறு மட்டுமே முழுதாக இருந்தது. "கடல் நம்மளுதுன்னா, இத யாரு கிழிச்சது?" என்றார். உடனே அவருக்கு 'இலங்கை ஆதரவாளர்' என்ற பட்டம் கிடைத்தது. போர்க்காலக் கட்டுப்பாடுகளால் முடங்கி, 2009க்குப் பிறகு கடலுக்குத் திரும்பிய யாழ்ப்பாண மீனவர்களும் இதே இழுவைமடியைப் பற்றித்தான் முறையிடுகிறார்கள்; இலங்கை அதை 2017இல் சட்டப்படி தடை செய்தது. அவர்களும் தமிழர்கள்தாம் என்பது நம் மேடைகளில் அபூர்வமாகவே நினைவுக்கு வருகிறது.

ஆனால் மேடையில் பேசுகிறவர்களுக்கெல்லாம் நான் இந்தச் சலுகையைத் தருவதில்லை. தீவு இலங்கையின் பக்கம் போனது 1974 ஒப்பந்தத்தில். இந்தியப் படகுகள் அந்த நாட்டுக் கடற்பகுதியில் மீன்பிடிக்கக் கூடாது என்று எழுத்தில் வந்தது 1976 மார்ச் கடிதப் பரிமாற்றத்தில். முதல் ஆண்டில் சென்னையில் தி.மு.க. ஆட்சி இருந்தது, இரண்டாவதற்குள் அது கலைக்கப்பட்டிருந்தது. ஒரு தரப்பு முதல் ஆண்டை மட்டும் முழங்குகிறது, மறுதரப்பு இரண்டாவதை மட்டும். தெரியாமல் விட்டிருந்தால் ஒருமுறை எடுத்துச் சொன்னதும் திருத்திக்கொள்வார்கள். ஆவணத்தைக் கையில் கொடுத்த பிறகும் அடுத்த தேர்தலில் அதே பாதியை ஒப்பிப்பவரிடம் நல்லெண்ணம் இருப்பதாக நம்புவது, வட்டி கட்டுகிறவரையும் வலை இழந்தவரையும் சேர்த்து ஏமாற்றுவதாகும். அத்தகையவரோடு நான் தனியே வாதிடுவதில்லை. அவர் பேசும் கூட்டத்தில் எழுந்து, விடுபட்ட ஆண்டை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.